ஜாஸ் கிட்டார்: மனோதர்மத்தைப் படிப்படியாகக் கற்க முடியுமா?

கேள்வி: ஸ்கேல் எல்லாம் தெரியும். ஆனால் பேக்கிங் ட்ராக் (பின்னணி இசைப் பதிவு) போட்டு மனதில் தோன்றியபடி வாசித்தால் பயிற்சிப் பாடம் மாதிரியே கேட்கிறது. எங்கே தவறு?

பதில்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) வரிசை இது. மூன்றின் நோட்டுகளும் சி மேஜர் ஸ்கேலுக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் அந்த ஒரே ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பெரிதாக எதுவும் இடிக்காது, ஆனால் கார்டு மாறியது கேட்பவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு கார்டிலும், அதன் பெயர் நோட்டை ஒன்று என்று வைத்து ஸ்கேலில் எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது நோட்டுகளைப் பாருங்கள். டி மைனர் 7-இன் ஏழாவது நோட்டு சி. ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம், அரை ஸ்வரம்) இறக்கினால் பி, அதுதான் ஜி 7-இன் மூன்றாவது. ஜி 7-இன் ஏழாவது எஃப். அதையும் ஒரு ஃப்ரெட் இறக்கினால் சி மேஜர் 7-இன் மூன்றாவதான ஈ வந்துவிடும். முதல் வாரம் பாருக்கு (நான்கு பீட் கொண்ட ஒரு தாளப் பகுதிக்கு) ஒரே நோட்டு போதும், இந்த நகர்வை மட்டும் வாசியுங்கள். அடுத்த வாரம் பீட்டுக்கு ஒன்றாக நான்கு கார்டு நோட்டுகள். அப்புறம் கார்டு நோட்டுக்கு ஒரு ஃப்ரெட் கீழிருந்து வந்து சேருங்கள். ஸ்கேல் இதற்கெல்லாம் பிறகுதான், இடைவெளியை நிரப்ப. வாசிக்கும் முன் ஒவ்வொரு வரியையும் வாயால் பாடுங்கள். பாட வராததை விரல் வாசித்தால் அது வெறும் விரல் பழக்கம்.

கேள்வி: ஜாஸுக்கு எந்த கிட்டார் வாங்கலாம்?

பதில்: கையில் இருப்பதே போதும்.

கேள்வி: ஏழு மோடுகளை (ஒரே ஸ்கேலை வெவ்வேறு நோட்டிலிருந்து தொடங்கும் வடிவங்களை) எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

பதில்: முதலில் கார்டு நோட்டுகள். முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரிக்கு நோட்டேஷன் படிக்கவே தெரியாது. அவருக்கு இல்லாத முறை நமக்கு எதற்கு?

பதில்: அவருக்கும் முறை இருந்தது. இருபது வயதை ஒட்டி, கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை (தனி வாசிப்புகளை) இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு, நோட்டுக்கு நோட்டு அப்படியே வாசிக்கக் கற்றார். அவற்றை வாசித்துக் காட்டியே முதல் மேடை வாய்ப்புகளையும் பெற்றார். காகிதத்தில் இல்லை என்பதற்காக அதை முறையில்லை என்று சொல்லக் கூடாது.

அதே நண்பர்: அப்படியானால் அது காப்பி. சொந்தக் குரல் எங்கிருந்து வரும்?

பதில்: சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார், 1942-இல், 25 வயதில் இறந்துவிட்டார். அந்தச் சில ஆண்டுப் பதிவுகளில் தொடங்கியவர்தான் வெஸ். ஆனால் பிக்கை விட்டுக் கட்டைவிரலால் மீட்டியதும், ஆக்டேவாகவே (ஒரே நோட்டை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து) முழு சோலோ கட்டியதும் அவருடைய வழி. வேறொருவரின் சோலோவில் நீங்கள் எடுக்க வேண்டியது எந்தக் கார்டில் எந்த நோட்டில் வந்து நின்றார் என்பதை. நான் முதல் இரண்டு வருடம் ஸ்கேல் படங்களை மட்டும் மனப்பாடம் செய்து வீணாக்கினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

வேறொருவர்: குறுக்கே வருகிறேன். கர்நாடக இசையில் கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனை செய்து பாடும் ஸ்வரங்கள்) பாடுகிறவர்களுக்கு இந்தக் கார்டுக் கணக்கெல்லாம் இல்லையே. ராக ஞானம் போதாதா?

பதில்: நல்ல கேள்வி. அங்கே ஆதார ஷட்ஜம் நகராது, ராகமும் மாறாது. ஜாஸில் பாருக்குப் பார் தரை மாறும், அதனால் ராக ஞானம் மட்டும் போதாது. ஆனால் எவ்வளவு சுற்றினாலும் எடுப்புக்கு (பாட்டு வரி தொடங்கும் தாள இடத்துக்கு) சரியாக வந்து விழுகிறீர்களே, அந்தப் பழக்கம் பெரிய சொத்து. இங்கே கார்டு மாறும் இடமே எடுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தொடங்க ஏற்றது மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த ‘ஸோ வாட்’. 32 பார், முதல் 16 டி டோரியன் (ஏழு மோடுகளில் ஒன்று), அடுத்த 8 ஈ ஃப்ளாட் டோரியன், கடைசி 8 மறுபடியும் டி. டோரியனின் ஸ்வரங்கள் கரகரப்ரியா ராகத்துடையவை. ஆக, 17-ஆவது பாரில் உங்கள் ஷட்ஜத்தை ஒரு ஃப்ரெட் ஏற்றி, 25-இல் இறக்க வேண்டும். கமகத்தை (ஸ்வரத்தை அசைப்பதை) கொஞ்சம் ஒதுக்கிவைத்து, அந்த இரண்டு திருப்பங்களும் கேட்பவருக்குப் புரிகிற மாதிரி வாசித்துப் பாருங்கள்.

முதலில் வாதிட்ட நண்பர்: இதைத்தானே நானும் சொன்னேன், காதுதான் முக்கியம் என்று!

பதில்: சரி, காதுதான். ஆனால் காதுக்கு எதைத் தேட வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் பாருக்கு ஒரு நோட்டு.

கேள்வி: மோடுகள் வேகமாக வர என்ன பயிற்சி?

பதில்: மறுபடியும் மோடு. கார்டு நோட்டுகளை முடித்துவிட்டு வாருங்கள். வேகம் இப்போது வேண்டாம்.

கேள்வி: வயது 45. தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரிக்கலாம்?

பதில்: 10 நிமிடம் ஒரே சோலோவின் நான்கு பாரைப் பாடுங்கள், கிட்டாரைத் தொடாமல். 10 நிமிடம் அதைத் தந்தியில் தேடுங்கள். மீதி 10 நிமிடம் அதே கார்டுகளில் உங்கள் வரி. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40-இல் வைத்து, ஒவ்வொரு தட்டையும் 2-ஆவது, 4-ஆவது பீட்டாக எண்ணுங்கள். முதல் நாட்களில் நழுவும். நழுவினால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டி எண்ணிப் பழகுங்கள்.