சுயாட்சி ஊராட்சி வரை வர வேண்டும்

அன்புள்ள ஐயா,

மாநில அரசியலை முற்போக்குப் பார்வையில் எழுதுகிற நீங்கள், உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை இவ்வளவு பெரிதாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அதில் எப்போதும் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கிறது. 2022-ல் 21 மாநகராட்சிகளும் திமுக அணிக்கே போயின. கிராமத்தில் சாதியும் பணமும்தான் முடிவு செய்கின்றன. தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்களும் உண்டு. மாநில உரிமைக்காக டெல்லியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் இந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டுமா?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்பது சரியில்லை. 2019 டிசம்பரில் அதிமுக ஆட்சியில் நடந்த ஊரகத் தேர்தலில், மாவட்ட, ஒன்றியக் கவுன்சிலர் இடங்களில் திமுக அணிதான் முந்தியது.

சாதி பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் தேர்தல் இல்லாவிட்டால் அது குறைந்துவிடுமா? 1996-ல் மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வந்த முருகேசனையும் உடன் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று ஆதிக்க சாதியினர் வெட்டிக் கொன்றார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களிலும் பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவரை உட்காரவே விடவில்லை. மனு போட ஆள் இருக்காது. மீறி ஒருவர் வென்றால் கையோடு ராஜினாமா வாங்கிவிடுவார்கள். தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடாமல் போராடினார்கள், அரசும் மனம் வைத்தது, 2006-ல் முறையாகத் தேர்தல் நடந்தது. சாதியோடு மோதுவதற்கு அந்த மக்களின் கையில் இருந்தது இடஒதுக்கீடும் வாக்குச்சீட்டும்தான். தேர்தலை நிறுத்தினால் முதலில் பதவி இழப்பவர்கள் அவர்களும், 50 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பெண்களும்தான்.

அப்புறம், டெல்லி. 1969-ல் ஒன்றிய-மாநில உறவை ஆராய அமைத்த ராஜமன்னார் குழு, 1974-ல் சட்டமன்றத்தின் மாநில சுயாட்சித் தீர்மானம், 2025-ல் அதே வேலைக்கு அமைத்த குரியன் ஜோசப் குழு என்று நீளும் இந்த வரலாற்றில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: டெல்லியிடம் நாம் கேட்கிற அதிகாரம் ஜார்ஜ் கோட்டையோடு நின்றுவிடலாமா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை நடத்தினார்கள். தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லை என்று சொல்லி ஊராட்சிகளுக்கு வர வேண்டிய நிதிக்குழு மானியத்தை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அந்தக் காரணத்தை டெல்லியின் கையில் கொடுத்ததே நாம்தான்.

2025 ஜனவரி 5-ல், 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் முடிந்தது. திண்டுக்கல்லும் அதில் ஒன்று. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊராட்சிகளை நகரங்களோடு இணைப்பது, வார்டு எல்லைகளை மாற்றி வரைவது என்று காரணம் சொல்லப்பட்டது. பதவிக்காலம் முடியும் தேதி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையை அதற்குள் முடித்திருக்க வேண்டும். காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்து என்றுதான் அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. எந்த ஆட்சி மீறினாலும் அது தவறுதான். நம் பக்கம் என்று நினைக்கிற ஆட்சியிடம் இன்னும் உரிமையோடு கேட்கலாம்.

தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபைக் கூட்டம் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் அதற்கு உரியவை. ஊராட்சியின் வரவு செலவை அங்கே கேளுங்கள். இனி ஒவ்வொரு முறையும் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்த வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லி, உங்கள் ஊர்ப் பெண்களோடும் காலனி மக்களோடும் சேர்ந்து போய் உட்காருங்கள்.

அன்புடன்.