பலிக்காவிட்டால் பழி யார் மேல்?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு பைபோலார் நோய். சில ஆண்டுகளாக லித்தியம் சாப்பிட்டு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். சமீபத்தில் அம்மா ஒரு கிறிஸ்தவ ஊழியர் எழுதிய புத்தகத்தைப் படித்தார். மனநோய் விசுவாசக் குறைவால் வருவது, மாத்திரையை நம்புகிறவன் கர்த்தரை நம்பவில்லை என்கிறது அது. இப்போது தம்பியும் ‘எனக்கு சுகமாகிவிட்டது, மாத்திரை வேண்டாம்’ என்கிறான். அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் என்றால், அப்பா இறந்தபோது என்னை மீட்டதும் ஒரு போதகரின் புத்தகம்தான். இரண்டு அட்டையிலும் ‘டாக்டர்’ என்று போட்டிருக்கிறது. யாரை நம்புவது, யாரை விடுவது?

சி., நாகர்கோவில்

அன்புள்ள சி.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும், தற்கொலை அபாயமும் கூடும். தம்பி ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்றால் இன்றே அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். பழைய அளவிலேயே நீங்களாக மறுபடி கொடுக்க வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும்.

‘சுகமாகிவிட்டது’ என்று அவர் சொல்வது மருந்து வேலை செய்வதால் இருக்கலாம். மேனியாவின், அதாவது பைபோலாரில் மனம் அளவுமீறி எழும் கட்டத்தின், தொடக்கமாகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் மனிதர் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாக உணர்வார். தூக்கம் குறையும், பேச்சு வேகமாகும், பெரிய பெரிய திட்டங்கள் வரும். கடவுள் தன்னோடு நேரடியாகப் பேசுகிறார், தன்னை ஏதோ ஒரு பெரிய காரியத்துக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று சிலருக்குத் தோன்றும். அந்த நேரத்தில் ‘மருந்தை விடு’ என்கிற புத்தகம் கையில் கிடைத்தால், நோய் சொல்வதையே புத்தகமும் சொல்லும். அதனால்தான் இந்த வகைப் புத்தகங்கள் மீது எனக்கு இவ்வளவு கோபம்.

இனி உங்கள் கேள்வி. அட்டையில் இருக்கும் ‘டாக்டர்’ எதையும் சொல்லாது. அது இறையியலில் வாங்கிய முனைவர் பட்டமாக இருக்கலாம், யாரோ கொடுத்த கௌரவப் பட்டமாகவும் இருக்கலாம். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் உள்ளவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ‘கவுன்சிலர்’ என்ற பெயர்ப் பலகையையோ சில வாரப் பயிற்சி முடித்தவர்கூட மாட்டிக்கொள்கிறார். இவற்றை விசாரிப்பது சுலபம், விசாரியுங்கள். ஆனால் பட்டத்தைப் பார்ப்பதோடு வேலை முடியாது. மருத்துவம் படித்தவர்களும் அபத்தமாக எழுதுகிறார்கள், எந்தப் பட்டமும் இல்லாத எளிய போதகர்களும் அருமையாக எழுதுகிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது வேறு. இந்த ஆசிரியர் சொன்னபடி எல்லாம் செய்தும் ஒருவருக்குக் குணமாகவில்லை என்றால், பழி யார் மேல் விழுகிறது? பல புத்தகங்களில் அது நோயாளியின் மேல்தான் விழும். உன் விசுவாசம் போதவில்லை, மறைத்து வைத்த பாவம் ஏதோ இருக்கிறது, பரிகாரத்தை முறையாகச் செய்யவில்லை, முழு மனதோடு ஓதவில்லை. எந்த மதமானாலும் இதே கதைதான். ஆசிரியர் ஒருபோதும் தோற்காதபடி இந்தப் புத்தகங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று நம்பிக்கொண்டிருக்கும் மனச்சோர்வு நோயாளியிடம் போய், கடவுளும் அப்படித்தான் நினைக்கிறார் என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜே ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் 1970-இல் எழுதிய ‘காம்பிடென்ட் டு கவுன்சல்’ என்ற நூல், சுவிசேஷ சபைகளில் ஆலோசனை கொடுக்கும் முறையையே மாற்றியது. உடல் கோளாறு என்று காட்டக்கூடியவற்றை அவர் மருத்துவரிடம் விட்டார். மற்ற பெரும்பாலானவற்றுக்குப் பாவமே வேர், வேதத்தைக் கொண்டு கண்டித்துத் திருத்த வேண்டும் என்றார். அவருடைய முனைவர் பட்டம் பேச்சுத் துறையில். மனிதர்களின் மீது அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போட்ட கோட்டைப் பாருங்கள். பைபோலார் நோயை உறுதி செய்ய இன்றைக்கும் ஓர் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேசிப் பார்த்து, நோயின் போக்கைக் கவனித்துத்தான் கண்டறிகிறார்கள். அந்தக் கோட்டின்படி உங்கள் தம்பி பாவத்தின் பக்கம் போய் நிற்க நேரிடும்.

அதே நாட்டில், அவருக்கு முன்னாலேயே ஆன்டன் பாய்சன் என்று இன்னொரு போதகர் இருந்தார். 1920-இல் அவரே கடுமையான மனநோயால் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தபின் 1924-இல் வூஸ்டர் மாநில மனநல மருத்துவமனையில் ஆன்மிக ஊழியராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இறையியல் மாணவர்களை அங்கே அழைத்து வந்து நோயாளிகளோடு பழக வைத்தார். தன் நோயில் ஆன்மிகப் பொருள் ஒன்று இருந்தது என்றே அவர் நம்பினார், அதை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். முக்கியமானது, அவர் மருத்துவர்களுக்குப் பக்கத்தில் நின்று பேசினார், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஆசிரியர் எத்தனை நோயாளிகளோடு, எவ்வளவு காலம் இருந்தார் என்பதைப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்ப்பவருக்கு, ஆறு மாதம் கழித்து அவர்களில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாது.

‘ஜெபத்தால் குணமானேன்’ என்று சொல்லும் சாட்சிகளைப் படிக்கும்போதும் இந்த ஆறு மாதத்தை நினைவில் வையுங்கள். மனச்சோர்வு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே தணியும். பைபோலார் வந்து போய்த் திரும்பி வரும் நோய். நாற்பது நாள் உபவாச ஜெபத்துக்குப் பின் ஒருவர் எழுந்து நின்றார் என்றால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஜெபத்தால் எழுந்தாரா, நோயின் போக்கில் எழுந்தாரா, கூடவே மாத்திரையும் சாப்பிட்டாரா என்று அந்தச் சாட்சியிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. மறுபடி விழுந்தவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

அதற்காக வழிபாட்டுக்கு எந்தப் பலனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் ஒரு கிராமத்தில், முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை மருத்துவ ஆய்வாளர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சில வாரங்களில் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, அதை வைத்து மருந்தை நிறுத்த முடியாது. ஆனாலும் அச்சுறுத்தாத இடம், கூடவே குடும்பம், சின்னச் சின்ன வேலைகள், இவை மனிதரைத் தேற்றத்தான் செய்கின்றன. இதற்கு ஓராண்டு முன்புதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை ஒட்டி நடந்த தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். நம்பிக்கையோடு அழைத்து வரப்பட்டவர்கள்தான் அவர்களும்.

உங்களை மீட்ட புத்தகத்தை நீங்கள் எறிய வேண்டாம். அப்பாவின் மரணத்தில் வந்தது துக்கம். துக்கத்தில் கூட இருப்பதும், மரணத்துக்கு ஒரு பொருள் சொல்வதும் மதத்தின் சொந்த நிலம். அங்கே போதகர் மருத்துவரைவிட நன்றாகப் பேசுவார். எது தனக்குத் தெரியும், எங்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்து எழுதுகிறவரை நான் நம்புவேன். புத்தகத்தில் ஓரிடத்திலாவது ‘இந்த நிலையில் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்’ என்று இருக்கிறதா? தூக்கமின்மை, தற்கொலை எண்ணம், காதில் கேட்கும் குரல்கள் ஆகியவற்றைப் பற்றி என்ன சொல்கிறது? ஒன்றுமே சொல்லவில்லை என்றால், அவர் நோயைப் பற்றி எழுதத் தகுதியானவர் இல்லை.

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். மகன் மேல் உள்ள பாசத்தில்தான் அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரோடு உட்கார்ந்து வேதத்தில் யோபுவின் புத்தகத்தை வாசியுங்கள். நண்பர்கள் மூவரும் துன்பத்தில் விழுந்த யோபுவோடு ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்ததும், நீ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் யார் மேல் வருகிறது என்று அம்மாவே வாசிக்கட்டும். அப்புறம், ரிக் வாரன் பற்றியும் சொல்லுங்கள். உலகமெங்கும் வாசிக்கப்படும் போதகர். அவருடைய மகன் நீண்ட கால மனநோய்க்குப் பின் 2013-இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த வீட்டில் ஜெபமும் இருந்தது, மருத்துவர்களும் மருந்தும் இருந்தன. மகனின் விசுவாசத்தை அவர் குறை சொல்லவில்லை. மறு ஆண்டே தன் சபையில் மனநலம் பற்றி மாநாடு நடத்தினார்.

உங்கள் சபைப் போதகர் நல்லவர் என்றால் அவரையும் துணைக்கு அழையுங்கள். ‘மாத்திரையைச் சாப்பிடு தம்பி, நானும் ஜெபிக்கிறேன்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், என் கடிதத்தைவிட அது அம்மாவிடம் எடுபடும். தம்பி இரவில் தூங்குகிறாரா என்று தினமும் கவனியுங்கள். மருத்துவர் உடனே கிடைக்காவிட்டால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். லித்தியம் சாப்பிடுகிறவர் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். கடைசியாக எப்போது எடுத்தார் என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய சந்தேகங்களை மருத்துவரிடம் அவரே கேட்கட்டும்.