அப்பா, அம்மாவுடன் முதல்முறையாக ஒரு வாரம் துபாய் போகிறோம். என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

டிசம்பர் முதல் வாரம் பயணம், அப்பா அம்மா இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், இருவருமே சைவம், அப்பாவுக்குச் சர்க்கரை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் பல வருடங்களாக துபாயில் கராமா பகுதியில் குடியிருப்பவன். ஊரிலிருந்து யாராவது வருவதாகப் போன் செய்தால், புர்ஜ் கலீஃபா டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம், பெட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். உங்களுக்கும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கசகசா இந்த நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். நமக்கு அது குருமாவுக்கு அரைத்துவிடும் சாமான். இங்கே சட்டத்தின் பார்வையில் அபின் செடியின் விதை. தனிப் பொட்டலமாக மட்டும் இல்லை, வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம். வெற்றிலை, பான் மசாலா, குட்கா எதுவும் வேண்டாம். இதைவிட முக்கியம், கிளம்பும் அன்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் பார்சல். "என் பையன் ஷார்ஜாவிலதான் இருக்கான், இதை மட்டும் கொடுத்துடும்மா" என்று நீட்டுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஏர்போர்ட்டில் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து மாத்திரைகள். சர்க்கரை, பிரஷருக்கான வழக்கமான மாத்திரைகளால் சிக்கல் வராது. ஆனால் கால் எரிச்சலுக்கு என்று சர்க்கரைக்காரர்களுக்கு நம் ஊர் டாக்டர்கள் எழுதும் ப்ரீகாபலின் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டிரமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்குப் போடும் அல்ப்ராசோலம் ஆகியவையும் அப்படித்தான். அப்பாவின் மாத்திரை அட்டைகளைத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே பொடியாக அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரின் சீட்டை வைத்து அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்கிய பிறகுதான் எடுத்து வர வேண்டும். மற்ற மாத்திரைகளையும் அட்டையோடு, சீட்டின் நகலோடு கைப்பையில் வையுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு வர வேண்டாம். டிராவல் இன்சூரன்ஸ் இல்லாமல் பெரியவர்களை அழைத்து வராதீர்கள். இங்கே ஆஸ்பத்திரி பில் நம் ஊர்க் கணக்கில் வராது.

தங்குவதற்கு என் ஓட்டு பழைய துபாய்க்குத்தான்: பர்துபாய், கராமா, இல்லையென்றால் தேரா. துபாய் மரீனா பக்கம் கண்ணுக்கு அழகு, ஆனால் சைவச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வேளையும் அலைய வேண்டியிருக்கும். கராமாவில் கீழே இறங்கினால் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு. சரவண பவன் போல நம் ஊரில் பார்த்த போர்டுகள் வரிசையாக இருக்கும். ரூம் வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் போடச் சொல்பவர்கள் உண்டு. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். ஷார்ஜாவுக்கு மெட்ரோ கிடையாது, சாயங்காலம் துபாயிலிருந்து அந்தப் பக்கம் போகும் சாலை நகராது. நாள் முழுக்கச் சுற்றிய பெரியவர்களை அந்த நெரிசலில் உட்கார வைப்பது பாவம். புக் செய்யும்போது டூரிஸம் திர்ஹாம் என்று ஒரு கட்டணம் இருப்பதை நினைவில் வையுங்கள். ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை, பெரும்பாலும் செக்-இன் நேரத்தில் தனியாகக் கேட்பார்கள்.

மெட்ரோவுக்கு ஆளுக்கு ஒரு நோல் கார்டு வேண்டும், ஒரே கார்டில் மூன்று பேர் போக முடியாது. ஒரு வாரம் இருப்பதால் சில்வர் கார்டு வாங்குங்கள்: 25 திர்ஹாம், அதில் 19 உங்கள் பயணத்துக்கே இருக்கும். தூரத்தைப் பொறுத்து ஒரு தடவைக்கு 3, 5 அல்லது 7.50 திர்ஹாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கார்டைத் தட்ட வேண்டும். ரயிலிலும் ஸ்டேஷனிலும் சாப்பிட, தண்ணீர் குடிக்க, பபிள்கம் மெல்லக்கூடக் கூடாது, அபராதம் 100 திர்ஹாம். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு இருந்தால், ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே ஏதாவது சாப்பிட வைத்துவிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு, தரையில் இளஞ்சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அவசரத்தில் ஆண்கள் அதில் ஏறி நின்றால் அதற்கும் அபராதம். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும், மற்ற நாட்களில் 5 மணிக்கே. ஸ்டேஷன் பெயர்களும் குழப்பும். கராமாவுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷனின் பெயர் ஏடிசிபி, பர்துபாய் மீனா பஜார் கடைத்தெருவுக்குப் பக்கம் ஷரஃப் டிஜி. கம்பெனிகள் காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் பெயர்கள் இவை, அவ்வப்போது மாறும்.

இன்னொன்று, மெட்ரோ என்றால் நடையே இல்லை என்று நினைக்காதீர்கள். துபாய் மால் ஸ்டேஷனிலிருந்து மாலுக்குள் போகும் கண்ணாடிப் பாலம் மட்டுமே முக்கால் கிலோமீட்டருக்கு மேல். நகரும் நடைபாதை இருக்கிறது, இருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நீளம்தான். அன்று மட்டும் டாக்ஸியில் போய் மால் வாசலிலேயே இறங்குங்கள். டாக்ஸி எல்லாம் மீட்டர்தான், பேரம் கிடையாது. ஏர்போர்ட்டிலிருந்து ஏறினால் மீட்டரே 25 திர்ஹாமில் ஆரம்பிக்கும். அம்மாவோடு பெண்கள் மட்டும் எங்காவது போவதாக இருந்தால் மேற்கூரை இளஞ்சிவப்பாக இருக்கும் டாக்ஸியைப் பிடியுங்கள், பெண்கள்தான் ஓட்டுவார்கள்.

சரி, எதைப் பார்ப்பது? புர்ஜ் கலீஃபா மேலே ஏற ஆசையிருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், சூரியன் மறையும் நேரத்துக்கு விலை அதிகம். ஏறாவிட்டாலும் ஒன்றும் குறையாது; கீழே மாலையில் அரைமணிக்கு ஒருமுறை ஆடும் நீரூற்றைப் பார்க்கக் காசே இல்லை. பாலைவன சஃபாரிக்கு முதுகுவலிக்காரர்களை மணல்மேட்டில் ஏற்றி இறக்கும் வண்டியில் உட்கார வைக்க வேண்டாம். நேராக முகாமுக்கு அழைத்துப் போகும் ஏற்பாடு உண்டா என்று புக் செய்யும்போதே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், ஒரு முழு மாலையைக் க்ரீக் ஓரத்துக்கு, அதாவது பழைய துபாய் நடுவே வரும் கடல் கழியின் கரைக்கு, ஒதுக்குங்கள். நாலு மணிக்கு மேல் அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்பின் சந்துகளில் ஆரம்பிக்கலாம். கூரைக்கு மேல் நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரங்கள் தெரியும். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும், ஏசி வருவதற்கு முன்னால் இந்த ஊர் வெயிலைச் சமாளித்தது இப்படித்தான். அங்கிருந்து துணிக்கடைத் தெரு வழியாக நடந்தால் அப்ரா படகுத்துறை. ஆளுக்கு ஒரு திர்ஹாம். டிக்கெட் கவுண்டர் எதுவும் இல்லை, ஏறி நடுவில் இருக்கும் பலகையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்துவிட வேண்டும். படகு நகர்ந்த பிறகு படகுக்காரர் கையை நீட்டுவார், கடைசியில் இருப்பவரின் நாணயம் ஒவ்வொரு கையாக மாறி அவரிடம் போய்ச் சேரும். சில்லறை வைத்திருங்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் மலையாளி, பெங்காலி, பதான், பிலிப்பினோ எல்லாரும் அதே பலகையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஈரானுக்குப் போகும் மரக்கப்பல்கள் அக்கரையில் ஃப்ரிட்ஜும் டயருமாக ஏற்றிக்கொண்டிருக்கும். எத்தனை விலை கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காத துபாய் இது. அக்கரையில் இறங்கினால் ஸ்பைஸ் சூக் (சூக் என்றால் சந்தை), கொஞ்சம் நடந்தால் கோல்டு சூக்.

கோயில் என்றால், ஜெபல் அலியில் 2022-ல் திறந்த இந்துக் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே குருத்வாராவும் தேவாலயங்களும். அபுதாபிக்குப் போனால் ஷேக் சயீத் மசூதியைத் தவறவிடாதீர்கள். கட்டணம் இல்லை, ஆன்லைனில் பதிவு செய்தால் போதும். பெண்கள் தலையை மூடி, கை கால் மறைய உடுத்த வேண்டும். சேலையோடு போகலாமா என்று யோசிப்பதைவிட, முழுக்கை சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் அம்மாவுக்கு நிம்மதி. அல் குபைபா பஸ் ஸ்டாண்டிலிருந்து இ100 பஸ் அபுதாபிக்குப் போகும், 25 திர்ஹாம், அதே நோல் கார்டுதான்.

ஊருக்குப் போன் பேச வாட்ஸப்பை நம்பாதீர்கள். மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், ஆனால் கால் வேலை செய்யாது. பாட்டிம் அல்லது கூகுள் மீட் வழியாகப் பேசலாம். கிளம்பும் முன்பே வீட்டில் இருப்பவர்களின் போனிலும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். தடையைத் தாண்ட விபிஎன் ஆப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களை, அனுமதி இல்லாமல் படமெடுப்பது குற்றம். ரீல்ஸ் எடுக்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சாலையைக் கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹாம் அபராதம். பிளக் மூன்று சதுர முனை கொண்டது, அடாப்டர் ஒன்று எடுத்து வாருங்கள். அவசரத்துக்கு போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998.

உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் இதைப் படித்துவிட்டு ஜூலையில் வருபவர்களும் இருப்பார்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, வெயில் அப்படி. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் சூடேறி, குளிர்ந்த நீர்க் குழாயில் கொதிநீர் வரும். ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து குளிப்பதுதான் நாங்கள் செய்வது. ஹீட்டர் வீட்டுக்குள் இருப்பதால் அதில் நின்ற தண்ணீர் ஆறியிருக்கும்.

கடைசியாகத் தங்கம். கோல்டு சூக்கில் கிராம் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பேச வேண்டியது செய்கூலியை. 2024-ல் இந்தியா இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது விலை வித்தியாசமும் சுருங்கியது. பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரியில்லாமல் கொண்டு போகலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புபவர்களுக்கு மட்டும். ஒரு வார டூரிஸ்டுக்குக் கிடையாது. அதனால் லாபத்துக்காக வாங்காதீர்கள், அம்மாவுக்கு ஒரு டிசைன் பிடித்திருந்தால் வாங்கிக் கொடுங்கள். 250 திர்ஹாமுக்கு மேல் வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டி டாக்ஸ் ஃப்ரீ பில் கேட்டால், 5 சதவீத வாட் வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஏர்போர்ட்டில் பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே அந்தக் கவுண்டருக்குப் போய்விடுங்கள், பொருளைக் காட்டச் சொல்வார்கள்.