டெக்சஸில் டாக்டராக விரும்பும் மகளை எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பது?

கேள்வி: டாலஸை அடுத்த ஃப்ரிஸ்கோவில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவிருக்கும் எங்கள் மகளுக்கு யூடி (டெக்சஸ் பல்கலைக்கழகம்) ஆஸ்டின், டெக்சஸ் ஏ அண்ட் எம், யூடி டாலஸ் ஆகிய மூன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. யூடி டாலஸ் கல்விக் கட்டணம் முழுவதற்கும் உதவித்தொகை தருகிறது. டாக்டராக வேண்டும் என்பதே அவளுடைய ஒரே விருப்பம். ஆஸ்டினின் பெயரை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, நம் ஊரில் பிளஸ் டூ முடித்தவுடன் எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம் என்பதால், எந்தக் கல்லூரி என்ற கேள்வியே மருத்துவராவதற்கான கேள்வியாக நமக்குப் பழகிவிட்டது. அமெரிக்காவில் அப்படி இல்லை. இங்கே முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். அதன் பிறகே நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி. மருத்துவக் கல்லூரிக்குத் தயாராவதைக் குறிக்கும் ப்ரீமெட் என்பது ஒரு பட்டத்தின் பெயரும் அல்ல. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களைத் தேவையான அளவு முடித்திருந்தால், வரலாறு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆகவே, உங்கள் மகள் இப்போது தேர்ந்தெடுப்பது ஒரு மருத்துவக் கல்லூரியை அல்ல. மூன்று, நான்கு ஆண்டு கழித்து மருத்துவக் கல்லூரியின் முன் வைக்கப்போகும் விண்ணப்பம் உருவாகும் இடத்தை. அந்த விண்ணப்பம் எங்கே சிறப்பாக உருவாகும் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த விண்ணப்பத்தில் முதலில் கண்ணில் படுவது, நான்குக்குக் கணக்கிடும் பாடச் சராசரியான ஜிபிஏவும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் மதிப்பெண்ணும். எம்கேட்டில் 472 முதல் 528 வரை மதிப்பெண் பெறலாம். அண்மை ஆண்டுகளில் இங்கே முதல் மருத்துவப் பட்டமான எம்.டி. தரும் அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் பெற்றவர்களின் சராசரி ஏறத்தாழ 511 முதல் 512. ஜிபிஏ சராசரி 3.7க்கு மேல். ஓராண்டில் ஏறத்தாழ 52,000 பேர் விண்ணப்பித்தால் 23,000 பேர்தான் உள்ளே போகிறார்கள். எம்கேட்டை மீண்டும் எழுதலாம். ஜிபிஏவை மீண்டும் எழுத முடியாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாண்டில் 30 கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) 3.2 வாங்கிய மாணவி, அடுத்த இரண்டு ஆண்டுகளும் கடுமையாக உழைத்து 60 கிரெடிட்டுக்கு 3.9 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி இல்லாமல் மருத்துவக் கல்லூரி சேர வேண்டுமானால் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். அன்றைக்கு அவள் ஜிபிஏ 3.67தான். முதலாண்டு வேதியியல் வகுப்பில் ஏற்படும் சறுக்கல் அவ்வளவு தூரம் கூடவே வரும்.

இங்கே பல பெற்றோர் கவனிக்காத ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே காலின் காலேஜ் போன்ற இடங்களில், பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் டூயல் கிரெடிட்டாக எடுத்த பாடங்களின் மதிப்பெண்களும் மருத்துவ விண்ணப்பத்தில் கணக்கில் சேரும். உங்கள் மகள் அப்படி ஏதேனும் எடுத்திருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். டெக்சஸ் மாநிலத்துக்கெனத் தனியாக உள்ள டிஎம்டிஎஸ்ஏஎஸ் விண்ணப்ப அமைப்பு ஏ மைனஸை முழு ஏ ஆகவும், பி பிளஸை வெறும் பி ஆகவும் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அமைப்பைச் சொல்லும்போது, டெக்சஸில் வசிப்பதன் பலனையும் சொல்ல வேண்டும். இம்மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் சேருபவர்களுள் வெளிமாநிலத்தவர் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. டாலஸிலுள்ள யூடி சவுத்வெஸ்டர்ன், ஹூஸ்டனின் மெக்கவர்ன், கால்வெஸ்டன், சான் அன்டோனியோ, லபக், 2016இல் முதல் வகுப்பைத் தொடங்கிய ஆஸ்டினின் டெல் என்று அத்தனை கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். கல்விக் கட்டணமும் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இந்தச் சலுகை உங்கள் மகள் டெக்சஸ்வாசி என்பதால் வருவது. மூன்றில் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் அது குறையாது. ஆஸ்டினில் படித்தால் டெல் கல்லூரியில் தனி முன்னுரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது; அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இனி மூன்று வளாகங்களுக்கு வருவோம். யூடி ஆஸ்டின், நாட்டிலேயே மருத்துவக் கல்லூரிகளுக்கு மிக அதிக விண்ணப்பதாரர்களை அனுப்பும் பல்கலைக்கழகங்களில் ஒன்று. முதலாண்டு மாணவர்களையே ஆய்வகத்துக்குள் அழைத்துச் செல்லும் அதன் ஆராய்ச்சித் திட்டம் உண்மையிலேயே சிறப்பானது. ஆனால் அந்தப் பெரிய எண்ணிக்கைக்கு இன்னொரு பொருளும் உண்டு: கரிம வேதியியல் வகுப்பில் பக்கத்தில் உட்காருபவர், ஆய்வக இடத்துக்காக வரிசையில் நிற்பவர், மருத்துவமனையில் தன்னார்வப் பணி கேட்பவர் எல்லோருமே ப்ரீமெட் மாணவர்கள். ஏ அண்ட் எம் நல்ல பல்கலைக்கழகம்தான் என்றாலும், அவ்வளவு பெரிய மாணவர் கூட்டத்துக்கு அது இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் சிறிய ஊர். மருத்துவமனை அனுபவத்துக்குப் போட்டி இருக்கும். உங்கள் கடிதத்தில் அதன்மேல் தனி விருப்பம் எதுவும் தெரியாததால் அதை இத்துடன் விட்டுவிடலாம்.

யூடி டாலஸ் ரிச்சர்ட்சனில், உங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில் இருக்கிறது. அதன் மாணவர்கள் சிலர் கிரீன் ஃபெல்லோஸ் திட்டத்தின் வழியாக ஒரு பருவம் முழுவதும் யூடி சவுத்வெஸ்டர்ன் ஆய்வகங்களிலேயே இருந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். கொலஸ்ட்ரால் பற்றிய ஆய்வுக்காக 1985இல் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் நோபல் பரிசு பெற்ற நிறுவனம் அது. பார்க்லண்ட் உட்பட டாலஸின் பெரிய மருத்துவமனைகளும் எட்டும் தொலைவில்தான். மருத்துவருக்காகக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலை, மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஷேடோயிங், தன்னார்வப் பணி எல்லாவற்றையும் படிப்போடு சேர்த்து, விடுமுறையிலும் விடாமல் தொடர்வதற்கு வீட்டருகே இருப்பது பெரிய உதவி.

பரிந்துரைக் கடிதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல மருத்துவக் கல்லூரிகள் இரண்டு அறிவியல் பேராசிரியர்களின் கடிதம் கேட்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் எல்லா அறிவியல் பாடத்திலும் ஏ வாங்கியவர். பேராசிரியரிடமிருந்து வந்த மின்னஞ்சலைத் தன் கைபேசியில் காட்டினார். "நீங்கள் என் வகுப்பில் ஏ வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை" என்று இரண்டே வரி. முந்நூறு பேர் அமர்ந்த அரங்கில் அவர் ஒரு நாளும் கை தூக்கியதில்லை, பேராசிரியரின் அறைக்குப் போனதுமில்லை. அந்த மாணவர் ஓராண்டு தாமதித்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. யூடி டாலஸிலும் முதலாண்டு வகுப்புகள் பெரியவைதான். ஆனால் உங்கள் மகள் எந்த இடத்தில் பேராசிரியரின் கதவைத் தட்டுவாள் என்பது, அவளை வளர்த்த உங்களுக்குத் தெரியும்.

பணத்தையும் வெளிப்படையாகப் பேசுவோம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் இல்லை. மருத்துவ மாணவர்கள் மத்திய அரசிடமிருந்து ஆண்டுக்கு 50,000 டாலரும் மொத்தம் 2,00,000 டாலரும்தான் பெற முடியும். மீதியைக் குடும்பமோ தனியார் வங்கியோ தர வேண்டும். இளநிலைப் படிப்பில் மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் அப்போது கைகொடுக்கும். உதவித்தொகைக் கடிதத்தில் எந்த ஜிபிஏவுக்குக் கீழே இறங்கினால் அது நிற்கும், எத்தனை பருவத்துக்குச் செல்லும் என்பதை மட்டும் வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

மகள், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த விசா 21 வயதோடு முடிந்துவிடும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை. மத்திய அரசுக் கடனும் அவர்களுக்குக் கிடையாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நீங்கள் எழுதியிருக்கும் நிலையில் நான் யூடி டாலஸையே சொல்வேன். ஒரே ஒரு காரணம் என் முடிவை மாற்றும்: மருத்துவம் கைகூடாவிட்டாலும் அவள் முழு மனதோடு படிக்கக்கூடிய ஒரு துறை ஆஸ்டினில் மட்டும் கிடைத்து, அதற்கான செலவைக் கடன் இல்லாமல் உங்களால் தாங்க முடியுமானால், ஆஸ்டினுக்கு அனுப்புங்கள். ப்ரீமெட்டாகத் தொடங்குபவர்களில் பலர் வழியிலேயே வேறு துறைக்குத் திரும்புகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வியை அவளிடம் நேராகவே கேட்டுவிட வேண்டும்.

மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன், ஒரு வேலை நாளில் இரண்டு வளாகங்களுக்கும் அவளை அழைத்துச் செல்லுங்கள். ப்ரீமெட் ஆலோசகரைச் சந்தித்து, ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள், கடந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், இடம் பெற்றவர்கள் எத்தனை பேர், விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லி நிறுத்தப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் உண்டா என்று கேளுங்கள். நீங்கள் வெளியே அமர்ந்திருங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.