தன்பாலீர்ப்பாளர்களை ராணுவத்தில் அனுமதிக்க வேண்டுமா? ஒழுங்கு கெட்டுவிடாதா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருந்த விவரம்: உங்கள் தம்பி அக்னிவீர் (நாலு வருஷ ராணுவப் பணி) தேர்வுக்குத் தயாராகிறார், தான் கே என்று உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பொதுவான கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், தம்பி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

அனுமதிக்க வேண்டும் என்பதுதான் என் பதில். காலாட்படை யூனிட் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ரிட்டயர் ஆனவன் நான். துப்பாக்கியைத் தொட்டதைவிட டைப்ரைட்டரையும் அப்புறம் கம்ப்யூட்டரையும் தொட்டதுதான் அதிகம். போர்க்களக் கதை எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் யார்மேல் என்ன சார்ஜ், யாருக்கு எங்கே போஸ்டிங், யார் எதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்கிற காகிதமெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும்.

தன்பாலீர்ப்பாளர்கள் படைக்குள் வருவதை இப்போதும் யாராலும் தடுக்க முடியவில்லை. ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓடச் சொல்வார்கள், பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்குவது) எடுக்கச் சொல்வார்கள், உயரமும் மார்பும் அளப்பார்கள், மெடிக்கலில் காது, பல், முழங்கால் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். உனக்கு யாரைப் பிடிக்கும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. எங்கள் வேலூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் கிராமங்கள் உண்டு. அந்த ஊர்த் தெருக்களில் எத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்களோ அத்தனை விதமும் சுமார் 12 லட்சம் பேர் உள்ள படையிலும் இருக்கத்தான் செய்யும். இருக்கிறவர்கள் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்போடு, சம்மதத்துடன் கூடிய தன்பால் உறவு பொதுமக்களுக்குக் குற்றமில்லை என்றாகிவிட்டது. ராணுவத்துக்கு அது அப்படியே பொருந்தவில்லை. படைவீரர்களின் அடிப்படை உரிமைகளைச் சட்டம் போட்டுக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, குரூரமான, ஆபாசமான, "இயற்கைக்கு மாறான" இழிநடத்தைக்குக் கோர்ட் மார்ஷல் மூலம் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. அதிகாரி அல்லது ஜேசிஓ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) என்றால் 45 உண்டு, பதவிக்குத் தகாத நடத்தை. இரண்டிலும் சிக்காவிட்டால் 63, அதாவது ஒழுங்குக்குக் குந்தகம். எந்தச் சோற்றுக்கும் ஊற்றலாம் என்கிற லங்கர் (பட்டாளத்துச் சமையற்கட்டு) சாம்பார் மாதிரி அந்தப் பிரிவு.

2019 ஜனவரியில், அப்போதைய தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் நிருபர்களிடம் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். ராணுவம் பழமையில் ஊறியது, நாங்கள் நவீனமாகவும் இல்லை, மேற்கத்தியமாகவும் ஆகவில்லை, இதை அனுமதிக்க மாட்டோம், ராணுவச் சட்டத்தின் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுப்போம் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த 'மேற்கத்திய' வாதத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. 46-இல் இருக்கும் அந்தச் சொற்றொடர் 1881-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ராணுவச் சட்டத்தில் இருந்தது. லண்டனில் உட்கார்ந்து வெள்ளைக்காரன் எழுதியதை நம் பண்பாடு என்று நாம் காத்துக்கொண்டிருக்கிறோம்.

எழுதிய பிரிட்டனே அதிலிருந்து வெளியே வந்துவிட்டது. எளிதாக வரவில்லை. 1967-இல் இங்கிலாந்தில் சாதாரண மக்களுக்குச் சட்டம் தளர்ந்தபோதும் படைகளை விலக்கியே வைத்தார்கள். ராணுவப் போலீஸ் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் படிப்பது, மணிக்கணக்கில் விசாரிப்பது, பிறகு வேலையைவிட்டு அனுப்புவது என்று பல பத்தாண்டுகள் நடந்தது. 1996-இல் அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சகமே ஒரு குழு வைத்துப் படையினரிடம் கருத்துக் கேட்டது. தடையை எடுத்தால் கட்டுக்கோப்பு குலைந்துவிடும் என்ற முடிவுதான் வந்தது. வேலை இழந்தவர்களில் சிலர் வழக்குப் போட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1999 செப்டம்பரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. சக வீரர்களின் வெறுப்பு ஒரு காரணமாகாது, வேறு இனத்தவர்மேலோ நிறத்தவர்மேலோ வெறுப்பு இருந்தால் அதை எப்படி ஏற்க முடியாதோ அப்படித்தான் இதுவும் என்றது அந்த நீதிமன்றம்.

2000 ஜனவரியில் தடை போயிற்று. சில மாதம் கழித்து அமைச்சகம் பரிசீலித்தபோது சொல்லும்படியான சிக்கல் எதுவும் இல்லை. 1996-இல் பயமுறுத்தியவர்கள் யாரும் கும்பலாகப் பேப்பர் போட்டுவிட்டுப் போகவில்லை. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில் 7.5 கோடி பவுண்டு இழப்பீட்டுத் திட்டம் வந்தது. அந்தத் தீர்ப்பைவிட, தடைக்குப் பதிலாக அவர்கள் கொண்டுவந்த நடத்தை விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவரின் செயல் படையின் செயல்திறனைப் பாதித்ததா, பாதிக்கக்கூடியதா? ஆணோ பெண்ணோ, கேயோ இல்லையோ, எல்லோருக்கும் இந்த ஒரே கேள்விதான். சார்ஜ் ஷீட் டைப் அடித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவான அளவுகோல் ஒரு கமாண்டிங் ஆபீசருக்குக் கிடைக்காது.

அமெரிக்கா வேறு வழியில் முயன்று பார்த்தது: நாங்கள் கேட்க மாட்டோம், நீங்கள் சொல்லாதீர்கள். 1993-இல் போட்ட அந்தச் சட்டத்தில் 13,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். ஈராக்கில் சண்டை நடந்த காலத்தில் அரபி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களைக்கூட இதே காரணத்துக்காக அனுப்பினார்கள். 2011 செப்டம்பரில் அதையும் கைவிட்டார்கள்.

'பாதுகாப்புக்கு ஆபத்து' என்ற வாதத்துக்கு வருகிறேன். ரகசியம் உள்ளவனை எதிரி மிரட்டி வேலை வாங்குவான் என்று பழைய காலத்திலிருந்து சொல்கிறார்கள். மிரட்டல் உண்மை. எங்கள் யூனிட்டில் ஒரு நாயக் இருந்தார், வடக்கத்திக்காரர், வயர்லெஸ் செட்டில் கெட்டிக்காரர். அவர் மொபைலில் எதையோ பார்த்துவிட்ட ஒருவன் மாதாமாதம் அவருடைய கேன்டீன் ரம் கோட்டாவைத் தனக்கு என்று வாங்கிக்கொள்ள ஆரம்பித்தான். அப்புறம் கைமாத்து, திரும்பி வராத கைமாத்து. பாரக்கில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் புகார் கொடுத்திருந்தால் மிரட்டியவனுக்குச் சில நாள் தண்டனை கிடைத்திருக்கும், அவருக்கு 46 காத்திருந்தது. கடைசியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து வேறு இடத்துக்குப் போஸ்டிங் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கருணை அடிப்படையில் என்று அந்தக் காகிதத்தை நான்தான் அடித்தேன்.

மிரட்டியவன் கையில் இருந்த ஆயுதம் என்ன? சட்டம்தானே. பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து ஜவான்களிடம் ரகசியம் கறக்கும் பாகிஸ்தான் உளவுக்காரர்களைப் பற்றி யூனிட்டுகளில் அடிக்கடி லெக்சர் உண்டு. அதில் சிக்குகிற சாதாரண ஜவானுக்கு மனைவியிடம் மாட்டிக்கொள்வோமே என்ற பயம் இருக்கும். கே ஜவானுக்கு அதோடு வேலை, பென்ஷன், சிறை என்று மூன்று பயம் கூடுதல். இந்தப் பயங்களை நாமே தயார் செய்து எதிரிக்குக் கொடுக்கிறோம்.

அடுத்தது, கிராமத்து ஜவான் ஏற்றுக்கொள்ள மாட்டான் என்பது. கிராமத்து ஜவானை வைத்தே எல்லாவற்றையும் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தரும் வழக்கிலும் அரசு இதையேதான் சொன்னது: ஜவான்கள் பெரும்பாலும் கிராமப் பின்னணி உள்ளவர்கள், பெண்ணின் கட்டளைக்குக் கீழ் வேலை செய்ய மனதளவில் இன்னும் தயாராகவில்லை. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. 2023-இல் 100-க்கும் மேற்பட்ட பெண் அதிகாரிகள் கர்னல் ஆனார்கள். கிராமத்து ஜவான் சல்யூட் அடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறான். மேலே உள்ளவர்கள் நினைப்பதைவிட அவன் சீக்கிரம் பழகிக்கொள்வான், ஆர்டர் தெளிவாக இருந்தால். கூர்க்காக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளத்தின் அதே மலைக் கிராமங்களிலிருந்து நம் படைக்கும் ஆள் வந்தார்கள், பிரிட்டிஷ் படைக்கும் போனார்கள். அங்கே போன கூர்க்காக்கள் 2000 முதல் அந்தப் புதிய விதியின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய வீரத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் எனக்கு நியாயமாகப் படுவது ஒன்று உண்டு. பயிற்சி மையத்தில் ஒரு உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) நினைத்தால் புதிதாகச் சேர்ந்த ரெக்ரூட்டை என்ன வேண்டுமானாலும் செய்ய வைக்கலாம். அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், பழைய சட்டத்தில் 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுக்கு இணையான பிரிவு கிடையாது. ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பலவந்தம் செய்தால் பொதுச் சட்டத்தில் அதற்கென்று நேரடியான பிரிவு இல்லை. ராணுவத்துக்குள் அப்படிப் பாதிக்கப்பட்டவனுக்கு இன்றைக்குக் கைகொடுப்பது இதே 46-தான். அதனால் அந்தப் பிரிவை அப்படியே தூக்கு என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். 'இயற்கைக்கு மாறான' என்பதை எடுத்துவிட்டு, சம்மதமில்லாத செயல், பதவியைக் காட்டிச் செய்யும் செயல் என்று எழுத வேண்டும், இருபாலருக்கும் பொதுவாக. தனக்குக் கீழே வேலை செய்பவரோடு உறவு கூடாது என்றும் தனியாக எழுதலாம். அதை மீறுகிறவர் ஆணோடு மீறினாரா பெண்ணோடு மீறினாரா என்பது பொருட்டே இல்லை.

குளியலறை, பாரக் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: விடியற்காலை நாலரை மணிக்கு, பி.டி. என்கிற உடற்பயிற்சிக்கு வரிசையில் போய் நிற்க வேண்டிய அவசரத்தில், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவனுக்கு எந்த ஆசையும் வராது.

இப்போது தம்பி. படிவம் கேட்பதில்லை என்பதால் சேரும்போது அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. இதை ஒரு காரணமாக வைத்து ஆசையைக் கைவிட வேண்டாம். ஆனால் சேர்ந்தபின், சட்டம் மாறாத வரை, மொபைல் விஷயத்தில் மிகக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். யூனிட்டுக்குள் யாரோடும் உறவு வேண்டவே வேண்டாம். யாராவது மிரட்டினால் முதல் தடவையே பணமோ பாட்டிலோ கொடுக்காமல், வெளியில் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் பேசட்டும். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிறவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் கல்யாணம். அக்னிவீராகச் சேர்கிறவர் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் இப்போதைக்குத் தொல்லை இல்லை. நிரந்தரமாகிவிட்டால் லீவில் வரும்போது பெண் பார்த்து, அதே லீவில் தாலி கட்டவைத்து அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம். பட்டாளத்துக்காரனுக்குப் பெண் கொடுக்க எப்போதும் ஆள் உண்டு. அப்படி வருகிற பெண் வருஷத்தில் பத்து மாதம் தனியாக இருப்பாள். மீதி இரண்டு மாதம் பக்கத்தில் இருந்தும் பேசாத ஒருவரோடு இருப்பாள், காரணமே தெரியாமல். வீட்டில் அந்தப் பேச்சு எழும்போது தம்பிக்கு ஆதரவாகப் பேச வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.