தென்கொரியக் கால்பந்து வீரர் சோன் ஹியுங்-மின் இங்கிலாந்துக் கிளப்பான டாட்டன்ஹாமுக்காக அடித்தது 127 கோல்களா, 173 கோல்களா?

இரண்டு எண்ணும் சரிதான்: 127 என்பது இங்கிலாந்தின் உள்நாட்டு லீக்கான பிரீமியர் லீக்கில் மட்டும் 333 ஆட்டங்களில் அடித்தவை, 173 என்பது 2015 முதல் 2025 வரை அக்கிளப்புக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 454 ஆட்டங்களில் அடித்தவை.

நீங்கள் பார்த்த 127 என்ற எண் பெரும்பாலும் விக்கிப்பீடியாவின் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து வந்திருக்கும். அங்கே உள்நாட்டு லீக் ஆட்டங்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள் என்பதை அடியில் உள்ள சிறிய எழுத்துக் குறிப்பை யாரும் படிக்காததால் பலர் கவனிப்பதில்லை. 2019 ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 7ஆம், 10ஆம் நிமிடங்களில் அவர் அடித்த இரண்டு கோல்களும் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கைச் சேர்ந்தவை என்பதால், அந்த 127இல் அவற்றுக்கு இடமில்லை.

சரிபார்க்க வேண்டுமானால், கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு அருகிலுள்ள ஆட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். 333 என்றிருந்தால் அது லீக் கணக்கு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அதற்கு முன் ஜெர்மன் கிளப்புகளான ஹாம்பர்க், லெவர்குசனில் ஆடிய காலக் கோல்களும் தென்கொரிய அணிக்காக அடித்தவையும் இவ்விரு எண்களிலும் சேரா.