அங்கே போய் மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். மாதச் சம்பளம் 2 லட்சம். ஓராண்டு போர்ச்சுகலில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்ய ஆசை. "டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய்க் குடியிருப்பு அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஓசூர் ஏஜென்ட். 25,000 ரூபாய் முன்பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டேன். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது ஒரு காலத்தில் நடந்ததுதான். டூரிஸ்டாக நுழைந்து, அங்கேயே வேலை தேடிக்கொண்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி போர்ச்சுகலில் இருந்தது. 2024 ஜூன் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். உங்கள் ஏஜென்ட் போன பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிக்கிறார்.

இன்றைக்கு உங்களைப் போன்றவர்களுக்கு உள்ள வழி, 2022 அக்டோபரில் வந்த டி8 விசா. அதை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதுவும் நான்கு மாதத்துக்கு மட்டும் உள்ளே விடும் சீட்டுதான். அங்குள்ள குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போன பிறகே இரண்டாண்டு அனுமதி அட்டை கிடைக்கும். ஓராண்டு போதும் என்பவர்களுக்குத் தற்காலிகத் தங்கல் வகை தனியே உண்டு. எதைக் கேட்டாலும் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்குப்படி அது மாதம் 3,480 யூரோ. நம் பணத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. உங்கள் சம்பளம் எட்டாது. இது ஏஜென்ட்டுக்குத் தெரியாதா என்ன?

அதற்குப் பதில், வேறு நாட்டு வேலையை அங்கிருந்தபடி செய்பவர்களுக்கு மலேசியா தரும் 'டிஇ ரந்தாவ்' பாஸைப் பாருங்கள். மென்பொருள் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலருக்கு மேல் இருந்தால் போதும்; உங்கள் 24 லட்சம் அதைத் தாண்டுகிறது. 12 மாதம் வரை தருவார்கள், நீட்டிக்கவும் செய்யலாம். இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இன்னொன்று: பெங்களூரில் காலை 9.30-க்குக் கூட்டம் என்றால் கோலாலம்பூரில் பகல் 12. லிஸ்பனில் குளிர்காலத்தில் விடியற்காலை 4. ஆசைப்பட்ட ஊரைக் கைவிட இது நொண்டிக் காரணம்தான், டிசம்பர் வரும்வரை.

எந்த நாடானாலும், வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கிறோம் என்று உங்கள் நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரிச் சிக்கலுக்குப் பயந்து பல நிறுவனங்கள் மறுத்துவிடுகின்றன. மேலாளர் வாயால் சொன்ன 'சரி'யை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

முன்பணம் திரும்புமா என்பது உங்களிடம் ரசீது இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாஸ்போர்ட் அப்படியல்ல. அது இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. அடகு வைக்கும் பொருளல்ல. இந்த வாரமே ஓசூருக்குப் பஸ் ஏறி, அதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.